பம்பில் சிக்கிய கடுகு

எங்கள் படகில் பாத்திரம் கழுவும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப், அன்று சத்தம் மட்டும் போட்டது, தண்ணீர் போகவில்லை. தொட்டி வழிந்து, படகின் அடியில் தண்ணீர் பேட்டரிக்கு ஒரு விரற்கடை கீழே வரை ஏறிவிட்டது. பதறிப்போய் வாளியால் இறைத்தோம்.

மறுநாள் பம்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கரையில் தெப்ரா என்ற இடத்தில் ஒரு பம்ப் கடைக்குப் போனோம். என் கணவர் இன்னும் பெரிய பம்பாகக் கேட்டார். கடைக்காரரோ என்னைப் பார்த்து, "படகுல என்ன சமைப்பீங்க அக்கா?" என்றார்.

"மீன் குழம்பு. அதுக்கும் பம்புக்கும் என்னலா?" என்றேன்.

அவர் பழைய பம்பைப் பிரித்துக் காட்டினார். வால்வை மூடவிடாமல் கடுகு சிக்கி, ரப்பரே கிழிந்திருந்தது.

"பெருசு வாங்கினாலும் இதேதான். அதே அளவு போதும், முன்னால வடிகட்டி போடுங்க."

அப்படியே செய்தோம். இப்போது படகில் நான் கடுகு தாளிப்பதும் இல்லை. குழம்பில் ருசி போதவில்லை என்று கணவர்தான் குறை சொல்கிறார், பம்ப் சொல்வதில்லை.