வளர்மதி விழுங்கிய முப்பத்தோராம் அத்தியாயம்

ஜெயங்கொண்டத்திலிருந்து உடையார்பாளையம் போகிற வழியில் ஒரு முந்திரிக் கொட்டகை இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் காலை பதினோரு மணிக்கு அந்தப் பக்கம் போனால், கொட்டை உடைக்கிற கட்டைச் சத்தம் பாதியாகக் குறைந்திருக்கும். முதலாளி எட்டிப் பார்த்தால் மட்டும் டக் டக்கென்று பலமாகக் கேட்கும். அவர் தலை மறைந்ததும் மறுபடி அடங்கிவிடும்.

எல்லாம் ‘உன் வாசல் கோலம் நானல்ல’ செய்கிற வேலை. செல்போன் ஆப் ஒன்றில் வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் வருகிற குடும்ப நாவல். எழுதுகிறவர் யார், எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது. புனைபெயர்தான். கொட்டகையில் அவருக்கு ‘ரைட்டரம்மா’ என்று பெயர்.

முந்திரி ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் கை பொத்துப்போகும். அதற்காகச் சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்பார்கள். அந்தக் கையோடு போனைத் தொட்டால் போன் போச்சு. ஆகவே கொட்டகையில் ஒரு ஏற்பாடு. ஒருத்தி மட்டும் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து வாசிப்பாள். மற்ற பதினேழு பேரும் தாங்கள் உடைத்த பருப்பில் ஆளுக்கொரு பிடி அவள் தட்டில் போட்டுவிடுவார்கள். அந்த ஒருத்தி வளர்மதி. கொட்டகையில் கேட்பதற்கு முன்னால் வீட்டில் படிப்பது பெரிய துரோகம் என்று மற்றவர்களுக்குள் ஒரு சட்டமும் இருந்தது. வளர்மதிக்கு மட்டும் விலக்கு. எங்கே மூச்சு விடுவது, எங்கே நிறுத்தி வயிற்றெரிச்சலைக் கிளப்புவது என்று அவள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டுமே!

அந்தக் குரலுக்கு ஒரு கதை உண்டு. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மைக் பிடித்தவள் அவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பெரம்பலூரில் டீச்சர் ட்ரெயினிங் சேர இடம்கூடக் கிடைத்தது. சேர வேண்டிய மாதத்தில் கல்யாணத்தைப் பண்ணி வைத்துவிட்டார்கள். புருஷன் வீரமுத்து சென்ட்ரிங் வேலை பார்க்கிறவன், தங்கமானவன். ஆனால் அவள் வாயைத் திறந்தால் “மைக்க முழுங்குனவளே, கொஞ்சம் மெதுவாப் பேசு” என்பான். பதினெட்டு வருஷம் அடக்கி வைத்த குரல் முப்பத்தாறு வயதில் கொட்டகையில் வெளியே வந்தது. கதாநாயகன் ரிஷிக்கு ஒரு கனத்த குரல், கதாநாயகி ஆதிரைக்கு ஒரு கம்மிய குரல் என்று மாற்றி மாற்றி அவள் வாசிப்பதைக் கேட்டால், டி.வி. சீரியல் எல்லாம் பிச்சை வாங்க வேண்டும். ரிஷி கோபப்படும்போது கல்யாணமாகாத பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். கல்யாணமானவர்கள் குனிவதே இல்லை.

ஆதிரை புகுந்த வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து கொட்டகை இரண்டாகப் பிளந்தது. ‘வரணும்’ கட்சிக்குத் தலைவி பொன்னுத்தாய், ஐம்பத்தெட்டு வயது. ‘வரக் கூடாது’ கட்சிக்குப் புவனேஸ்வரி, முப்பதுகூட ஆகவில்லை, வாய் மட்டும் அறுபது வயதுக்கு வளர்ந்திருந்தது. உட்காருகிற இடமே மாறிவிட்டது. கிழக்குப் பக்கம் ‘வரணும்’ கட்சி, மேற்குப் பக்கம் ‘வரக் கூடாது’ கட்சி.

“புருசன் ஒரு வார்த்த சத்தம் போட்டான்னு வூட்ட வுட்டுப் போவாளா ஒரு பொண்ணு? அந்த மாமியா ராஜலட்சுமி என்னா கொறை வெச்சா?” என்பாள் பொன்னுத்தாய்.

“சத்தம் போட்டா கேட்டுக்கிட்டு இருக்கணுமா பெரியம்மா? நீங்கல்லாம் இருந்தீங்க, அதான் ஆம்பளைங்க கெட்டாங்க” என்பாள் புவனேஸ்வரி.

ஒரு செவ்வாய்க்கிழமை ரிஷிக்கு நல்ல பெயர் வாங்கித்தருகிற மாதிரி ஓர் அத்தியாயம் வந்தபோது, மேற்குக் கட்சி வளர்மதிக்கு ஒரு பிடி பருப்பைக் குறைத்துவிட்டது. “நானாடி எழுதுறேன்? என் பருப்புல ஏண்டி கை வெக்கிறீங்க?” என்று வளர்மதி கத்தினாள்.

எழுதவில்லை, வாஸ்தவம்தான். ஆனால் அழித்திருந்தாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் முப்பத்தோராம் அத்தியாயத்தை வீட்டில் படித்துப் பார்த்தபோதே, இதைக் கொட்டகையில் வாசிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கதையில் ஆதிரையின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வீட்டில் ஒரு பூஜை. மாமியார் ராஜலட்சுமி, “அவருக்கு இது வழக்கமா வர்றதுதானே? நாளைக்குப் போனா ஆகாதா?” என்கிறாள். விடிவதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிடுகிறார். அதனால்தான் ஆதிரை வீட்டை விட்டுப் போகிறாள்.

இதை எப்படிப் பொன்னுத்தாய் முன்னால் வாசிப்பது? வளர்மதியும் பொன்னுத்தாயும் பக்கத்துப் பக்கத்து வீடு. அதற்கும் மூன்று மாதம் முன்பு, முந்திரி பொறுக்குகிற வேலை மும்முரமாக இருந்த ஒரு சாயங்காலம், பொன்னுத்தாய் தன் மருமகள் கீதாஞ்சலியிடம் சொன்னது மதில் தாண்டி இவள் காதில் விழுந்திருந்தது. “உங்கப்பனுக்கு மாசாமாசம் மூச்சு வாங்குது. நாளைக்குப் போனா ஆகாதா?” மறுநாள் கீதாஞ்சலி கீழப்பழுவூருக்கு அப்பாவின் சாவுக்குத்தான் போனாள். திரும்பி வரவில்லை. பொன்னுத்தாயின் மகன் பிரேம்குமார் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவன். லோடு ஏற்ற அரியலூர் போகும்போதெல்லாம் அங்கே போய்ப் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான்.

அதனால் வளர்மதி அந்த அத்தியாயத்தை அப்படியே விழுங்கிவிட்டாள். ரிஷி சத்தம் போட்டான், ஆதிரை கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நாலு வரியில் முடித்தாள். இரக்கப்பட்டுச் செய்த காரியம்தான். ஆனால் ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க எத்தனை பொய் வேண்டியிருக்கிறது! அடுத்த அத்தியாயத்தில் ஆதிரை அப்பா படத்துக்கு மாலை போட்டபோது அதைத் தாத்தா படமாக மாற்றினாள். உலகமெல்லாம் செத்துப்போன அந்த மனிதர் முந்திரிக் கொட்டகையில் மட்டும் மூன்று மாதம் உயிரோடு இருந்தார். ஒருநாள் காபி வேறு குடித்தார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ரைட்டரம்மா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ‘ஆதிரை திரும்பிப் போகலாமா, கூடாதா? உங்கள் கருத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு எழுதுவேன்’ என்று அறிவிப்பு. கொட்டகை தேர்தல் களமாகிவிட்டது. பொன்னுத்தாய் எழுந்து நின்று, “எழுது வளரு, நான் சொல்லச் சொல்ல எழுது” என்றாள்.

வளர்மதி டவர் இல்லை என்றாள். புவனேஸ்வரி எட்டிப் பார்த்து, “நாலு கோடு இருக்கே அக்கா” என்றாள். தப்பிக்க வழியில்லை.

“அந்த மாமியார் ஒரு தப்பும் செய்யலை. ஒண்ணுமில்லாத விசயத்துக்கு வூட்ட வுட்டுப் போனது ஆதிரைதான் தப்பு. என் மருமவளும் இப்புடித்தான் போயி உக்காந்திருக்கு. பொம்பளைன்னா திரும்பி வரணும். இப்புடிக்கு பொன்னுத்தாய், உடையார்பாளையம்.”

“பேரு, ஊரெல்லாம் எதுக்கு பெரியம்மா?”

“ஏன், நான் என்ன பயந்தவளா? போடு.”

போட்டாள். 

வெள்ளிக்கிழமை பார்த்தால் அந்த ஒரு கருத்துக்கு மட்டும் நூற்று நாற்பத்து மூன்று பதில்கள். கொட்டகையே வளர்மதியைச் சுற்றி நின்றது. பொன்னுத்தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. “நூத்தி நாப்பத்தி மூணு பேரா! படி, படி!” என்று அவசரப்படுத்தினாள். வளர்மதி தேடித் தேடி, “வணக்கம் அம்மா” என்ற ஒன்றையும், கும்பிடு பொம்மை போட்ட ஒன்றையும் வாசித்தாள். புவனேஸ்வரிக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. சாம்பல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தோளுக்கு மேல் எட்டி, அவளே உரக்கப் படித்தாள்.

“‘அப்பா சாகக் கிடக்கும்போது அனுப்பாத மாமியாரா தப்புச் செய்யலை? உங்களுக்கு மனசாட்சி இருக்கா?’ … அக்கா, யாரு அப்பா? ஆதிரையோட அப்பா எப்பச் செத்தாரு? போன வாரம் காபி குடிச்சாரே!”

கையும் களவுமாகப் பிடிபட்டாள் வளர்மதி. முகம் சுண்டிப்போனது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். விழுங்கிய அத்தியாயம், தாத்தா படம், காபி எல்லாம். ஏன் விழுங்கினாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மூன்று மாதமாக முகம் பார்க்காத இரண்டு கட்சியும் அந்த நொடியில் ஒன்று சேர்ந்துகொண்டன. “பொய்க் கதைக்கா நாங்க அடிச்சுக்கிட்டோம்?” “எம் பருப்பத் திருப்பிக் குடு!” “இவள நம்பி நான் எங்க ஓர்ப்படியாகிட்ட வேற சண்ட போட்டேன்!” என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். வளர்மதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கொட்டகையில் அவளுக்கு இருந்த ஒரே மரியாதை அந்தக் குரல். அது போய்விட்டது.

பொன்னுத்தாய் மட்டும் சத்தம் போடவில்லை.

“அந்த அத்தியாயத்தப் படி” என்றாள்.

“வேணாம் பெரியம்மா.”

“படிடீங்கிறேன்.”

படித்தாள். குரல் மாற்றவில்லை, இழுக்கவில்லை, எழுத்தில் இருந்ததை இருந்தபடி படித்தாள். ‘நாளைக்குப் போனா ஆகாதா?’ என்ற இடம் வந்ததும் பொன்னுத்தாயின் கையிலிருந்த கட்டை கீழே விழுந்தது. அவள் வளர்மதியை நிமிர்ந்து பார்த்தாள். எதற்காக விழுங்கினாள் என்பது அந்தப் பார்வையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

“வேற யாரு என்ன எழுதியிருக்கா?” என்றாள் மெதுவாக.

வளர்மதி பதில்களைத் தள்ளிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். இதையும் விழுங்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வேண்டாம் என்று வாசித்தாள். “‘நீங்க எந்தக் கதையப் படிச்சீங்கன்னு தெரியல அத்தை. அந்த மாமியார் வந்து நின்னு தப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஆதிரை இத்தினி நாள் தனியா உக்காந்து அழுதிருக்க மாட்டா. கீதாஞ்சலி, கீழப்பழுவூர்.’”

புவனேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பதில் எழுதட்டுமா பெரியம்மா?”

“ஆறு மாசம் எழுதாதத இனிமேயா எழுதறது? பதினொண்ணே முக்காலுக்கு அரியலூர் பஸ்ஸு. கெளம்பு.” பொன்னுத்தாய் தொட்டியில் கையை முக்கித் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு போகவில்லை. “நீயும் வா. மறைச்சது நீதான? அவகிட்ட நீயும் சொல்லணும்.”

அரியலூரில் இறங்கி வேறு பஸ் மாறி, கீழப்பழுவூர் போய்ச் சேரும்வரை பொன்னுத்தாய் கறுத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். கதையில் எத்தனையோ திருப்பங்களுக்கு நிறுத்தி நிறுத்தி வாசித்த வளர்மதிக்கு, இந்த அத்தியாயம் எப்படிப் போகும் என்று ஒரு வரிகூடத் தெரியவில்லை.

கதவைத் திறந்தது கீதாஞ்சலிதான். இளைத்திருந்தாள். பொன்னுத்தாய் படி ஏறவில்லை. வாசலில் நின்றபடியே, “எந் தப்புதான் ஆயி. ஒன்ன அன்னிக்கே அனுப்பியிருக்கணும். அப்பன் மொகத்தப் பாக்க வுடாமப் பண்ணிட்டேன். நீ வூட்டுக்கு வான்னு கூப்புட வரல. இதச் சொல்லத்தான் வந்தேன்” என்றாள். வளர்மதியும் தன் பங்குக்கு, விழுங்கியதைத் திக்கித் திணறிச் சொன்னாள்.

கீதாஞ்சலி கதவை அகலத் திறந்தாள். அப்புறம், “உள்ள வாங்க” என்றாள்.

உள்ளே கீதாஞ்சலியின் அப்பா படத்தில் மாலை காய்ந்திருந்தது. பொன்னுத்தாய் அதன் முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு, வந்து தரையில் உட்கார்ந்தாள். கீதாஞ்சலி மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். கீதாஞ்சலிதான் முதலில் கேட்டாள்.

“முடிவு எப்புடி வெப்பாங்கன்னு நெனைக்கிறீங்க அத்தை?”

“ஆதிரை போவக் கூடாது” என்றாள் பொன்னுத்தாய் பட்டென்று. “எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த மாமியா கூப்புடுவா? கால்ல வுழுந்தாலும் போவக் கூடாது. ரைட்டரம்மாவுக்கு நானே மறுபடி எழுதறேன்.”

ஆறு மாதம் கழித்து மாமியாரும் மருமகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். வளர்மதிக்குச் சந்தோஷத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கே தன் மூச்சு பட்டு நின்றுவிடுமோ என்று வாயை இறுக மூடிக்கொண்டாள்.

கீதாஞ்சலி டம்ளரை எடுத்து மாமியார் கையில் கொடுத்தாள். எண்ணெய் தின்ற அந்தக் கறுத்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஏன் போவக் கூடாது? அதான் இம்மாந்தூரம் வந்து தப்புன்னு சொல்லிட்டாங்களே” என்றாள்.

பொன்னுத்தாய் டீயைக் கீழே வைத்துவிட்டு, ஓவென்று அழுதாள்.