றஹீமா கேட்கச் சொன்ன கேள்வி

"நாக்கு இருந்தா அங்க போய் நீட்டுங்க மனே. மௌத்து ஊட்டுல வந்து ஆறுதல் சொல்லத்தானா உங்களப் பார்ளிமெந்துக்கு அனுப்பின?"

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து றஹீமா எம்பிக்குச் சொன்னது இது. புருசன் இறந்து, இத்தா என்கிற துக்கக் காவலில் இருந்தாள். அந்த நாட்களில் அந்நிய ஆண்கள் முன்னால் அவள் வரக்கூடாது. வாய்க்கு அந்தத் தடை இல்லை. வெளியே கதிரையிலிருந்த எம்பி தேத்தண்ணீரைக் கீழே வைத்தார்.

நாட்டில் அரசாங்கத்துக்கு எதிராகக் குழப்பம் நடந்த வருசம் அது. தனக்குக் கப்பலில் ஆயுதம் இறக்கிக்கொண்டே, கடைகளில் தோட்டா விற்பதை அரசாங்கம் நிறுத்தியிருந்தது. புருசன் விதைத்துவிட்டுப் போன நெல் வெள்ளாண்மையைக் காட்டுப்பண்டி இறங்கி உழக்கியது. வயல்காவல் பத்திநாதர், கல்முனைக் கத்தோலிக்கர், லைசன் துவக்கு வைத்திருந்தார். சுடுகிற பண்டி அவருக்கு, நெல் றஹீமாவுக்கு. அதுதான் கூலிப் பேச்சு. இப்போது துவக்கு இருந்தது, தோட்டா இல்லை. தகரம் தட்டினார், பண்டிகளுக்கு அது பழகிவிட்டது. அந்த வெள்ளாண்மை போனால் அவளுக்கும் இரண்டு குமர்ப் பிள்ளைகளுக்கும் வருசச் சோறு இல்லை.

எம்பி இழுத்தார். ஆயுத விசயம் அரசாங்கத்தின் முடிவாம், கேட்டால் குழப்பக்காரனுக்குக் கூட்டு என்பார்களாம்.

"கப்பல்ல துவக்கு எறக்குறவன்கிட்ட, ஆருக்கு வாங்குறாய், ஆருக்கு இல்லையெண்டுறாய் எண்டு கேக்கத்தானே நீங்க. பண்டி என்ன குழப்பக்காரனா?"

வாசலில் நின்ற பத்திநாதர் சிரிப்பை மறைக்க முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

எம்பி பார்ளிமெந்தில் கேட்பாரென்று றஹீமா நம்பவேயில்லை. கொஞ்ச நாளில் பத்திநாதர் பேப்பரோடு வந்து, முற்றத்தில் நின்று திரைக்குக் கேட்க வாசித்தார். எவ்வளவு ஆயுதம் இறங்குகிறது, யாருக்குப் போகிறது, வயல்காரனுக்கு ஏன் இல்லை என்று எம்பி கேட்டிருந்தார். யோசிப்போமென்று மந்திரி நழுவப் பார்த்தாராம். மற்றக் கட்சிக்காரரும் எழும்பி, விடாமல் பிடித்ததும், லைசன் உள்ள வயல்காவலருக்குத் தோட்டா விற்கலாமென்று ஒப்புக்கொண்டாராம்.

"எல்லாம் கேட்டிருக்கார் ராத்தா. பண்டி குழப்பக்காரனா எண்டத மட்டும் விட்டுட்டார்."

"அதுதானே நல்ல கேள்வி," என்றாள்.

அன்று பகல், புருசன் போனதற்குப் பிறகு முதல் தடவையாக அவள் அசந்து தூங்கினாள்.

தோட்டா வந்ததும் இரண்டு பண்டி விழுந்தது. மிச்சம் காட்டுக்கு ஓடியது. மிதிபட்டது போக முக்கால்வாசிக் கதிர் தப்பியது. பத்திநாதருக்கு இறைச்சி. தோட்டாக் காசு றஹீமா கொடுத்தாள்: பெட்டி பன்னிரண்டு ரூபா ஐம்பது சதம்.