வட்டத்துக்குள் நின்ற புள்ளி

பொன்னேரி பஜாரில் ஜெராக்ஸ் எடுத்து, ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். சாதிச் சான்றிதழ், பட்டா நகல், கல்லூரிச் சேர்க்கை என்று எதுவானாலும் என் மேசைக்குத்தான் வரும். புதிதாக ஒரு இணையதளம் வந்தால் பயப்படுகிற ஆள் இல்லை நான். போனிலும் அப்படித்தான். ரயில் எங்கே வருகிறது என்று காட்டும் செயலி, பேசினால் தமிழில் எழுதித் தரும் செயலி, மாத்திரை சாப்பிட நினைவுபடுத்தும் செயலி என்று எதையாவது இறக்கிப் பார்ப்பேன். ஒரு வாரத்தில் பாதியை அழித்துவிடுவேன். அழிக்காமல் வைத்துக்கொண்டது ஒன்றைத்தான்.

என் மகள் வேதியியல் படித்தவள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. வேலை கிடைத்த சந்தோஷம் எனக்கு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. காலை ரயில் கூட்டம், ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ, லாரிகள் ஓடும் ரோடு, அதற்கப்புறம் அந்தக் கம்பெனி. இப்படி நினைத்து நினைத்துத்தான் அந்தச் செயலியைத் தேடிப் பிடித்தேன். நம் பிள்ளையின் போன் எங்கே இருக்கிறதோ அங்கே வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி தெரியும். ஓர் இடத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டால், புள்ளி அதற்குள் நுழைந்ததும் ‘வந்து சேர்ந்தார்’ என்று தகவல் வரும். வெளியே போனால் ‘புறப்பட்டார்’ என்று வரும்.

“நான் இன்னா எருமமாடா, கழுத்துல மணி கட்டி உட்றதுக்கு?” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் போனிலும் ஏற்றிக்கொண்டாள்.

தினமும் காலையில் புள்ளி பொன்னேரியை விட்டுக் கிளம்பும். கவரைப்பேட்டையில் நின்று, கும்மிடிப்பூண்டியில் வளைந்து, எட்டு மணிக்குள் வட்டத்துக்குள் போய்விடும். தகவல் வந்த பிறகுதான் நான் டீ குடிப்பேன். மாலை ஐந்தரை வரை புள்ளி அசையாது. கடையில் வரிசை நிற்கும்போதுகூட நடுவில் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வேன். அது அசையாமல் இருப்பதே எனக்கு நிம்மதியாக இருந்தது.

அன்றைக்கு மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். மகனுக்கு வருமானச் சான்றிதழ் வாங்க வந்த ஒரு அம்மா, கும்மிடிப்பூண்டி பக்கம் ஏதோ கம்பெனியில் வாயு கசிந்துவிட்டதாம், எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார்களாம், சிலரை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்களாம் என்று சொன்னார். எந்தக் கம்பெனி என்று அவருக்குத் தெரியவில்லை. நான் போனைத் திறந்தேன். புள்ளி வட்டத்துக்குள் இருந்தது. ‘7.52 முதல் இங்கே இருக்கிறார்’ என்று போட்டிருந்தது. எல்லாரையும் வெளியே அனுப்பியிருந்தால் புள்ளி வெளியே வந்திருக்கும். வரவில்லை. ஆகவே அது வேறு கம்பெனி. அந்த அம்மாவிடமும் திருப்பிக் காட்டினேன். “அப்ப ஒண்ணும் இல்ல மேடம்” என்றார்.

சற்று நேரத்தில் என் கணவர் கூப்பிட்டார். அவர் திருவள்ளூரில் ஒரு குடோனில் மேற்பார்வையாளர். அவர் காதுக்கும் செய்தி போயிருந்தது.

“பாப்பாவுக்குப் போன் போட்டியா?”

“போட்டா எப்டி எடுப்பா? போனை கேட்லயே வாங்கி வெச்சுக்குறாங்க இல்ல? நான் பார்த்துக்கினுதான் இருக்கேன். உள்ளதான் இருக்கா.”

என் வாயால்தான் சொன்னேன். அந்தக் கம்பெனியில் உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. காவலாளியின் அறையில் சின்னச் சின்னத் தடுப்புகள் போட்ட மரப்பெட்டி இருக்கிறது. போனை அதில் வைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும். முதல் நாளே மகள் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். போன் கேட்டில் இருக்கிறது என்றும், மகள் உள்ளே இருக்கிறாள் என்றும் ஒரே மூச்சில் சொன்னேன். சொன்ன எனக்கும் உறைக்கவில்லை, கேட்ட அவருக்கும் உறைக்கவில்லை. “சரி, பார்த்துக்கோ” என்று வைத்துவிட்டார்.

ஐந்தரைக்குப் புள்ளி அசையவில்லை. ஓவர்டைம் என்று நினைத்தேன். ஆறு மணிக்கும் அங்கேயே நின்றது. ஆறேகாலுக்குக் கடை நம்பருக்கு ஒரு அழைப்பு வந்தது. மகளோடு வேலை செய்யும் பெண்ணின் அண்ணன் பேசினான். வாயு கசிந்தது அவர்கள் கம்பெனியில்தான் என்றும், கம்பெனியிலிருந்து தகவல் வந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவன் அங்கிருந்தே பேசுவதாகவும் சொன்னான். காலை பதினொன்றரைக்கே கம்பெனி வேனில் ஐந்து பெண்களைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் வீட்டு நம்பர் மனப்பாடமில்லை. எல்லா நம்பரும் போனில், போன்கள் மரப்பெட்டியில். ஆக்சிஜன் வைத்திருந்த என் மகள், சாயங்காலம் கொஞ்சம் தெளிந்ததும் என் கடையின் பெயரைத் தாளில் எழுதிக் காட்டியிருக்கிறாள். அவன் அதை இணையத்தில் தேடி நம்பரை எடுத்திருக்கிறான்.

நான் போனபோது அவள் கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. மூச்சு இழுக்கும்போது தோள் இரண்டும் தூக்கிக்கொண்டன. நர்ஸ் மாஸ்க்கை நகர்த்தித் தண்ணீர் கொடுத்த இடைவெளியில் மகள் கேட்டாள்.

“ஏம்மா வரல?”

அந்தக் குரல் அவளுடையதாகவே இல்லை.

மறுநாள் என் கணவர் கம்பெனி அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போட்டார். பெற்றவர்களுக்கு ஒரு போன் பண்ணக்கூடவா ஆளில்லை என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்த அதிகாரி கம்ப்யூட்டரை இவர் பக்கம் திருப்பிக் காட்டியிருக்கிறார். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் என்ற கட்டத்தில் இருந்தது மகளின் எண்ணேதான். அதற்கு ஆறு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்தவர் போனை எடுக்கக் கூடாது என்பது கேட்டில் விதி. ஆறு முறையும் அது மரப்பெட்டிக்குள் அடித்து ஓய்ந்திருக்கிறது.

ஆஸ்பத்திரி வராண்டாவில் வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார். “அந்த ஃபாரம் யாரு போட்டது?”

நான்தான் போட்டேன். வேலையில் சேரும்போது கம்பெனி ஒரு இணைப்பு அனுப்பியிருந்தது. மகள் எதிரில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள். நான் கடையில் செய்கிற மாதிரியே செய்தேன். எங்கள் தொழிலில் மொபைல் எண் என்று எந்தக் கட்டம் வந்தாலும் விண்ணப்பம் யாருடையதோ அவர் எண்ணைத்தான் அடிப்போம். ஓடிபி யார் போனுக்கு வருமோ என்று தேட வேண்டாமே. கை பழகிவிட்டது. கட்டத்தின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கண் படிப்பதில்லை. ஊருக்கெல்லாம் இப்படி எத்தனை விண்ணப்பம் போட்டிருப்பேன் என்று இப்போது யோசிக்கவே பயமாக இருக்கிறது.

வீட்டு விலாசமும் அதில் இருந்தது. ஆள் அனுப்பியிருக்கலாம். வாயு கசிந்த குழாயை முன்னமே பழுது பார்த்திருக்கலாம். அதெல்லாம் அவர்கள் தப்பு. எண் என் தப்பு.

இரண்டு மாதமாகிறது. மாடி ஏறினால் பாதியில் நிற்கிறாள். குரல் இன்னும் திரும்பவில்லை. பார்க்க வருகிறவர்களிடம் அந்தக் கரகரத்த குரலில் சொல்கிறாள்: “செத்தாளா பொழைச்சாளான்னு எங்கூட்டுக்கு ஒரு போன் பண்ணல அக்கா. அவ்ளோ அலட்சியம்.” நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். கணவர் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவரும் அவளிடம் சொல்லவில்லை.

பத்திரிகைக்கு நான் எழுதி அனுப்புவதையெல்லாம் முதலில் படிக்கிறவள் அவள்தான். இதை அனுப்புவதற்கு முன்னால் அவளிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று நான்கு நாளாக இருக்கிறேன். இன்று காலையும் கஷாயத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். குடித்து முடித்து டம்ளரைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.