ஆணியடித்த மாடி ஜன்னல்

எழுத்தாளர் பிறந்த வீட்டை நினைவில்லமாகத் திறந்துவைத்த அன்று வந்திருந்தவர்கள்: ஒரு மந்திரி, தஞ்சாவூரிலிருந்து இரண்டு பேராசிரியர்கள், வீட்டின் வாரிசும் நினைவில்லக் குழுத் தலைவருமான சின்னய்யா, நாகஸ்வரக்காரர்கள், கடைசி வரிசையில் மடிப்புக் கலையாத சட்டையோடு நான். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் எழுத்தாளர், அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. இன்னொருவர் என் அப்பா. அவர் காலமாகியிருக்கவில்லை. அந்த வீட்டுக்குப் பின்னால் முப்பதடி தூரத்தில், தென்னை மரத்தடியில், தன் சொந்த இடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

போன வாரம் மறுபடி அங்கே போயிருந்தேன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கல்யாணம். திரும்பும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். டிக்கெட் கிழித்துக் கொடுத்த பெண்ணுக்கு என்னைத் தெரியவில்லை. மாடியறையில் அந்துருண்டை வாசனை. கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய பேனா, மூக்குக் கண்ணாடி, மேல்துண்டு. நாற்காலியில் யாரும் உட்காராமலிருக்கக் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். அந்த வீட்டில் கயிறு கட்டுவதில் எப்போதுமே கெட்டிக்காரர்கள்.

அந்துருண்டை வாசனை என்னை எப்போதும் ஏழாம் வகுப்புக்குக் கொண்டுபோய்விடும். எங்கள் தமிழய்யாவின் கோட்டில் அந்த வாசனைதான் வரும். அந்த வருஷத் துணைப்பாடத்தில் எழுத்தாளரின் புகழ்பெற்ற கதை இருந்தது. பண்ணையாள் ஒருவனைத் தென்னை மரத்தில் கட்டிவைக்கிறார்கள். அவன் குழந்தையைப் போலத் தேம்பி அழுகிறான். மாடி ஜன்னலிலிருந்து பார்க்கும் இளைய முதலாளியின் மனம் பதறுகிறது. படியிறங்கி ஓடிவந்து தன் கையாலேயே கட்டை அவிழ்க்கிறார். "நம்மூர்க்காரருடா! நீ வாசி, ஒனக்குத்தான் உச்சரிப்பு நல்லாருக்கு" என்று என்னைத்தான் எழுப்பி நிறுத்தினார் தமிழய்யா. வாசித்தேன். 'தேம்பித் தேம்பி' என்ற இடத்தில் என் குரல் உடைந்தது. கதையில் ஒன்றிவிட்டேன் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார். நல்ல மனிதர். அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை.

அந்தப் பண்ணையாள் என் அப்பா.

அது நிஜமாக நடந்தபோது எனக்கு எட்டு வயசு. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். உதவித்தொகை விண்ணப்பத்தில் அப்பாவின் கைநாட்டு வேண்டும், இன்றைக்கே கடைசி நாள் என்று சொல்லி வாத்தியார் என்னை விரட்டிவிட்டார். அப்பா, எழுத்தாளர் பிறந்த அந்தப் பெரிய வீட்டின் கொல்லையில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு கொல்லை வழியாகத்தான் போக வேண்டும். அவசரத்தில் நான் தெருவாசல் வழியாக நுழைந்து, முற்றத்தைத் தாண்டி, தாளை ஆட்டிக்கொண்டே ஓடினேன். படிக்கிற பிள்ளை என்ற மிதப்பு வேறு.

வீட்டு முதலாளி பெரியய்யா கத்தவில்லை. கொல்லைக்கு வந்து நிதானமாகத்தான் கேட்டார். "என்னடா மாரி, ஒம் மவன் தெருவாசல் வழியா வர்றான்? நாளைக்கு வந்து ஊஞ்சல்ல ஒக்காருவானா?"

"அறியாப் புள்ள ஆண்டே."

"அவன் அறியாப் புள்ள. நீ?"

காரியஸ்தர் கயிறு கொண்டுவந்தார். பொழுது சாயும்வரை அப்பா அந்த மரத்தில் நின்றார். வீட்டில் நடந்த ஒரு கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த எழுத்தாளர், பெரியய்யாவின் தம்பி, மாடி ஜன்னலருகே எழுதிக்கொண்டிருந்தார். பார்த்தார். கையில் பேனா இருந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். படித்தவர், நிச்சயம் ஏதாவது செய்வார் என்று நம்பினேன். அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். ஒரு கதவு சுலபமாக மூடிக்கொண்டது. மற்றது சட்டத்தில் சிக்கியது. இரண்டு தரம் இழுத்து அறைந்தார். அந்த இரண்டாவது சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. என் கையிலிருந்த விண்ணப்பம் வியர்வையில் ஊறிப்போனது. கடைசி நாளும் அத்தோடு போனது.

பெரிய வீட்டின் நிலத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். தெருமுனையில் கட்சிக் கொடிகள் நிறம் மாறிக்கொண்டிருந்த காலம். வயலில் செங்கொடி நட்டு, கூலி உயர்ந்தால்தான் அறுப்பு என்று எங்கள் ஆட்கள் வரப்பில் உட்கார்ந்திருந்த காலம். இத்தனை ஏக்கருக்கு மேல் ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று உச்சவரம்புச் சட்டம் வந்ததும், பெரிய வீட்டில் இரவு பகலாகப் பத்திரம் எழுதினார்கள். பண்ணையாட்கள் அத்தனை பேரும் காகிதத்தில் மிராசுதாரர்கள் ஆனோம். நாய்க்கும் ஒரு மா நிலம் உண்டு என்று தெருவில் சிரித்தார்கள். ஆற்றங்கரை வயலில் மூன்று மா அப்பாவுக்கு. அதே கையோடு, அந்த வயலைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக இன்னொரு தாளிலும் கைநாட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் எழுதிக் களைத்த கணக்கப்பிள்ளை அப்பாவின் பத்திரத்தில் ஆற்றங்கரை வயலின் சர்வே எண்ணுக்குப் பதில் பெரிய வீட்டுக் கொல்லையின் எண்ணைப் போட்டுவிட்டார். பட்டாவும் அப்படியே மாறியது. பெட்டியில் இருந்த தாளோ வயலைத்தான் திருப்பிக் கொடுத்தது. யாரும் கவனிக்கவில்லை. தேங்காய் வழக்கம்போலப் பெரிய வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தது.

நினைவில்லத்துக்கு அரசுப் பணம் வரும் சமயத்தில்தான் சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்தார். கார் நிறுத்தவும் கழிப்பறை கட்டவும் குறித்துவைத்திருந்த இடம் முழுக்க 'மாரிமுத்து, தகப்பனார் காத்தான்' பேரில் இருந்தது.

மறுநாளே பெரியய்யாவின் மகன் சின்னய்யா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது வேறொரு தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர். விஷயம் கேள்விப்பட்டு லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன்.

"மாரிமுத்தண்ணே, சௌக்கியமா?"

யாரைக் கூப்பிடுகிறார் என்று அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார்.

சின்னய்யா பத்திரத்தையும் மைப்பெட்டியையும் எடுத்துவைத்தார். "ஒரு கைநாட்டு போதும்ணே. என்ன வெல சொல்றீங்களோ குடுத்துடலாம். சித்தப்பா ஒங்க ஜனங்களுக்காகவே எழுதினவரு. அந்தத் தென்ன மரத்துக் கதகூட ஒங்களப் பத்தினதுதானே."

மையில் தோய்த்த கட்டைவிரலோடு அப்பா நிமிர்ந்தார். "என்னப் பத்தியா?"

இத்தனை வருஷமும் நான் அதை அவரிடம் மறைத்துவைத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "படி, கேப்பம்."

பரணிலிருந்து பழைய துணைப்பாடத்தை எடுத்து முழுவதும் வாசித்தேன். சின்னய்யா பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். முடித்ததும் அப்பா கேட்டார்.

"நா எங்கடா அழுதேன்?"

"கதைதானேப்பா..."

"சின்னய்யா, அய்யா எறங்கி வரவும் இல்ல. நா அழுவவும் இல்ல. எம் புள்ள பாத்துக்கிட்டு நிக்கிறான், எப்புடி அழுவேன்?"

சின்னய்யா சிரித்துச் சமாளித்தார். "கதன்னா முன்னபின்ன அப்புடித்தாண்ணே இருக்கும்."

"அப்பன்னா பத்தரமும் கததான் சின்னய்யா. அதுவும் அப்புடியே இருந்துட்டுப் போவட்டும்." கட்டைவிரல் மையைத் தன் கெண்டைக்காலில் துடைத்துக்கொண்டார்.

எனக்குள் எதுவோ குதித்தது. அன்றிரவே, நடந்ததை எல்லாம் சொல்லி ஏழு பக்கத்தில் ஒரு மனு எழுதினேன். 'மேற்படி நபர்', 'மேற்படி ஜன்னல்' என்று ஆபீஸ் தமிழில் முழங்கியிருந்தேன். அப்பா கேட்டார்: "மாடியிலேருந்து பாக்கறவனுக்கு ஏழு பக்கம் தெரியுமாடா?" அவர் சொன்னதே சரி. மூன்று வரியாகச் சுருக்கி, சுவரில் கட்சி விளம்பரம் எழுதும் பெயிண்டரைப் பிடித்து, தேர்தலில் மிஞ்சிய சாயத்தில் பலகை எழுதி மரத்தில் கட்டினோம்.

இது மாரிமுத்துவைக் கட்டிவைத்த மரம்.
ஜன்னலில் இருந்தவர் இறங்கி வரவில்லை.
மாரிமுத்து அழவில்லை.

திறப்பு விழாவில் மந்திரியை மாடிக்கு அழைத்துப்போனார்கள். நானும் கூட்டத்தோடு ஏறினேன். "இந்த ஜன்னல் வழியாப் பாத்துத்தான் அந்த அமரகதைய எழுதினாரு" என்றார் பேராசிரியர். மந்திரி எட்டிப் பார்த்தார். மேடைப் பழக்கம், பலகையில் இருந்ததை வாய்விட்டு, கணீரென்று, மூன்றாவது வரிவரைக்கும் படித்துவிட்டார். கீழேயிருந்து அப்பா ஒரு கையைத் தூக்கி வணக்கம் வைத்தார்.

"யாருய்யா அது?"

"பழைய வேலக்காரருங்க" என்றார் சின்னய்யா, வியர்த்தபடி.

"பட்டாதாரருங்க" என்றேன் நான். கம்பீரமாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன்; வாய் உலர்ந்து கீச்சென்றுதான் வந்தது. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

பிறகு போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார், பட்டாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கார் நிறுத்த இடம் அமையவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பேனாவை விட்டுவிட்டுப் பலகையைப் பார்க்க ஜன்னலில் முண்டியடித்தார்கள். கடைசியில் குழு கூடி ஒரு வழி கண்டுபிடித்தது.

மன்னித்துவிட்டாயா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இல்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. அப்பா போய்விட்டார். மரம் ஒரு புயலில் சாய்ந்தது. பலகையைக் கரையான் தின்றது. பெரியய்யாவும் இல்லை, காரியஸ்தரும் இல்லை. 'ஆண்டே' என்ற சொல்லை எங்கள் தெருவில் இன்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது. கொல்லை மட்டும் என் பேரில் புல் முளைத்துக் கிடக்கிறது; விற்க மாட்டேன். போன வாரமும் அந்த மாடியறையில் ரொம்ப நேரம் நின்றேன். 'இந்த ஜன்னலருகே அமர்ந்தே எழுதினார்' என்று எழுதியிருக்கிறது. அந்த எழுத்துக்கு மேலே ஜன்னல் இறுக மூடிக் கிடக்கிறது, எட்டு வயசில் நான் பார்த்தேனே, அச்சு அசலாக அப்படியே. வருகிறவர்கள் எல்லாரும் இனி அதைத்தான் பார்ப்பார்கள். குழு சொன்னபடி அதை அடைத்த தச்சர் என்னோடு படித்தவர். அவர் சொன்ன கணக்கு இது: இரண்டு பலகை, பதினாறு ஆணி, அரை நாள் கூலி, ஆக மொத்தம் நூற்று நாற்பது ரூபாய்.