வரும்போதே காலாவதி

செயலிகளுக்குள் யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று நிரல் எழுதுவது என் தொழில். கடவுச்சொல் மறந்து கைப்பேசியை முறைத்திருக்கும் உங்களுக்கு என்னைப் பிடிக்காது என்பது தெரியும்.

கண்ணாடியில் கடவுச்சொல்

மலேசியாவின் தம்போயில் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ் கம்பெனி அது. தொழிற்சாலை வாசலை அடைந்ததும் ஓட்டுநர் செயலியில் 'வந்தாச்சு' என்று அழுத்தவேண்டும். பழைய செயலியில் எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல். மறக்காமலிருக்க அதை பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள்.

நான் டோக்கன் முறையைக் கொண்டுவந்தேன். ஒருமுறை நுழைந்தால் சர்வர் ஒரு டோக்கன், அதாவது தற்காலிக நுழைவுச்சீட்டு, தரும். அது கால் மணி நேரம் செல்லும். பிறகு செயலியே புதிது வாங்கிக்கொள்ளும். பெருமையோடு விளக்கி முடித்தபோது, மூத்த ஓட்டுநர் மணியம் அண்ணன் கேட்டார்: "கால் மணிக்கு ஒருக்கா சந்தேகப்படுவீங்களா தங்கச்சி? என் சம்சாரம்கூட அப்படி இல்ல லா."

மூன்றாவது கடிதம்

மணியம் அண்ணனை மட்டும் செயலி தினமும் வெளியே தள்ளியது. அவர் திரும்பத் திரும்ப நுழைந்து அழுத்துவதற்குள் 'தாமதம்' என்று பதிவாகிவிடும். இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்துவிட்டன. மூன்றாவது வந்தால் அவருடைய ரூட் வேறொருவருக்குப் போய்விடும்.

மூன்று நாள் சர்வரைக் குடைந்தேன், குறை இல்லை. என் தொழிலில் எல்லாரும் சொல்வதையே நானும் சொன்னேன்: செயலியை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். போட்டார், மறுபடி தள்ளியது. ஆபீசில் லெட்சுமி அக்கா மூன்றாவது கடிதத்தை டைப் அடித்துக்கொண்டே சொன்னார்: "மத்தவங்களுக்கெல்லாம் ஓடுது. சிஸ்டம் பொய் சொல்லாதும்மா."

இருபது நிமிடம்

மறுநாள் நானே அவர் பஸ்ஸில் ஏறினேன். வாசலை அடைந்தபோது என் கைப்பேசியில் மணி ஆறு நாற்பது; அவருடையதில் ஏழு. தாமதமாகிவிடக் கூடாதென்று, வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கைப்பேசியின் கடிகாரத்தை இருபது நிமிடம் முன்னால் தள்ளிவைப்பது அவர் வழக்கம். டோக்கன் முடிந்ததா என்று என் செயலி பார்த்ததோ அந்தக் கடிகாரத்தைத்தான். கால் மணி நேரமே செல்லும் டோக்கன், அவர் கைக்கு வரும்போதே காலாவதியாகியிருந்தது.

அன்றே சர்வரின் நேரத்தைப் பார்க்கும்படி நிரலைத் திருத்தினேன். லெட்சுமி அக்கா மூன்று கடிதங்களையும் கிழித்தார். எதற்கும் இருக்கட்டுமென்று, கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொள்ளும்படி அண்ணனிடம் கேட்டேன். பதறிவிட்டார்: "அலமாக்! அத மாத்தினா நான் லேட்டா வந்துருவேன், தங்கச்சி!"

யாரையும் நம்பாதே என்று நான் பார்த்துப் பார்த்து எழுதிய செயலி, தவறான ஒரு கடிகாரத்தை மட்டும் நம்பி, ஒருநாளும் தாமதிக்காத மனிதரை வாசலில் நிறுத்திவைத்தது.