எதிர்வீட்டுக் குமாஸ்தாவின் புதுப் பிஸ்டன்

எதிர்வீட்டுக் குமாஸ்தா, பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன மறுவாரமே பிரெஞ்சை விட்டு இங்கிலீஷுக்கு மாறியவர். எதற்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுவார். கப்பலேறவிருந்த ஒரு துரையிடம் ஒரு பிரெஞ்சு மோட்டார் சைக்கிளை வாங்கி, ஓட்டிப் பார்க்கும் முன்பே பெரிய சிலிண்டரும் பிஸ்டனும் போட்டார்.

வீராம்பட்டினம் தேர்த் திருவிழா அன்று வண்டி கிளம்பவில்லை. இரண்டு முறை எஞ்சினைப் பிரித்துப் பூட்டினார்.

"தேரு நெலைக்கு வந்துடும், நீங்க பிரிச்சினே இருங்க" என்றார் பட்டுப்புடவையில் காத்திருந்த மனைவி.

பெட்ரோல் திருகு 'எஃப்' என்ற எழுத்தில் நின்றது. பிரெஞ்சுப் பள்ளியில் மூன்றாவது படித்த நான் கூச்சத்தோடு சொன்னேன்: "அண்ணே, எஃப்னா ஃபெர்மே. மூடியிருக்குன்னு அர்த்தம்."

"ஃபுல்லுன்னு அர்த்தம், தங்கச்சி!"

மனைவி வந்து திருகை மறுபக்கம் திருப்பினார். ஒரே உதையில் வண்டி உறுமியது.

குமாஸ்தா அசரவில்லை. "பாவம், வண்டிக்கு இன்னும் இங்கிலீஷ் வரல" என்றபடி ஏறி உட்கார்ந்தார்.