அம்மா தூக்கிய எடை

தம்பியின் கெண்டைக்கால்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆறு வயதுப் பையனின் கால் போலவே இருக்காது. திரண்டு உருண்டு, தொட்டால் கெட்டியாக இருக்கும். உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் பூ விற்பவர்கூட, "புள்ள காலு பந்து ஆடுறவன் காலாட்டம் கீது" என்பார். அம்மாவுக்கு அதில் பெருமை. ஆனால் அந்தக் காலால் அவனுக்குப் படி ஏற வரவில்லை. தரையிலிருந்து எழும்போது முழங்காலில் கை ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின்மேல் தானே ஏறுவது போல எழுந்து நிற்பான்.

சென்னையில் டாக்டர் அந்தக் காலை அழுத்திப் பார்த்தார். "இது பலம் இல்லம்மா. தசை அழிஞ்சு அந்த இடத்துல கொழுப்பு சேருது" என்றார். கை கால்களில் இருப்பது நாம் நினைத்தால் அசையும் தசை. குடலில் இருப்பது நம்மைக் கேட்காமல் தன்பாட்டுக்கு வேலை செய்வது. இதயத்துக்கென்றே தனி வகை ஒன்று, ஓய்வில்லாமல் துடிப்பது என்று பொறுமையாக விளக்கினார். இவனுக்கு முதலில் கரைவது கை கால் தசை என்றார்.

"அப்போ ஹார்ட்டுக்கு ஒண்ணும் ஆவாதா சார்?" என்று தம்பி கேட்டான்.

டாக்டர் குனிந்து அவன் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி என் கையை இழுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டான். "அக்கா, நான் சொல்லாமயே ஆடிக்கினு கீது பாரு."

சில வருடங்களில் நடை நின்றுபோனது. குளிக்க, வாசலில் உட்கார, ஆட்டோவில் ஏற, எல்லாவற்றுக்கும் அம்மாதான் தூக்கினாள். அவன் வளர வளர அவள் கைகளும் மூட்டை தூக்குபவரின் கைகளைப் போல இறுகின. ரவிக்கையின் கைத் தையலைப் பிரித்துவிட்டுக்கொண்டே, "இவன் ஒடம்புல கொறையறது எல்லாம் என் கையில ஏறிக்கினு கீது" என்பாள். தம்பியும் சேர்ந்து சிரிப்பான். முகத்தில் மட்டும் அவனுக்குச் சிரிப்பு கடைசிவரை குறையவில்லை.

பதினெட்டு முடிவதற்குள், ஒரு காலையில், அம்மா அவனுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் இதயம் நின்றுவிட்டது.

அதன்பின் அவள் கைகளுக்கு வேலை இல்லை. ஒரு வருடத்திற்குள் தோள்கள் வற்றி, பிரித்துத் தைத்த ரவிக்கைகள் தொளதொளத்தன. அவற்றை அவள் மீண்டும் பிடித்துத் தைக்கவேயில்லை.

எனக்கு மகள் பிறந்தபோது அம்மா கட்டிலருகே வந்தாள். கால்களை அகற்றி வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, கைகளைக் குழந்தையின் அடியில் கொடுத்துத் தூக்கினாள். குழந்தை சட்டென்று அவள் முகத்துக்கு நேராக வந்துவிட்டது.

"இன்னாடி, இவ்ளோ லேசா கீது" என்றவள், குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.